பாடல் சொல்லாத கதை

நுழையும்முன்

பூனை பிடில் வாசிக்கும். பசு நிலவைத் தாண்டும். தட்டு கரண்டியுடன் ஓடிப்போகும். மழலையர் பள்ளியில் இப்படியொரு ஆங்கிலப் பாட்டைக் கைதட்டிப் பாடாதவர் குறைவு. பொருளற்ற சொல்விளையாட்டாகத் தோன்றும் இத்தகைய பாடல்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஓவியர் படங்களாலேயே உரை வகுத்தார். பாடல் நின்ற இடத்திலிருந்து அவருடைய தூரிகை கதையைத் தொடர்ந்தது. நோயுற்ற உடலோடு நாற்பது வயதுக்குள் அவர் முடித்துவைத்த அப்பணியே இன்றைய குழந்தைப் படநூல்களுக்கு அடித்தளம். ரேண்டால்ஃப் கால்டெகாட் என்னும் அவ்வோவியரின் வாழ்வை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

செஸ்டர் நகரச் சிறுவன்

இங்கிலாந்தின் வடமேற்கில் உரோமானியர் காலத்து மதிற்சுவர் சூழ அமைந்த பழைய நகரம் செஸ்டர். அந்நகரில் 1846ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் கால்டெகாட் பிறந்தார். தந்தையார் ஜான் கால்டெகாட் கணக்குத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். ரேண்டால்ஃப் சிறுவனாக இருந்தபோதே அன்னையை இழந்தார். இளமையில் தாக்கிய நோய் அவருடைய இதயத்தை நிலையாகப் பாதித்தது. அந்தப் பாதிப்பு அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

செஸ்டரில் உள்ள கிங்ஸ் பள்ளியில் அவர் பயின்றார். அப்பள்ளியின் மாணவர் தலைவராகவும் விளங்கினார். பாடவேளை போக எஞ்சிய பொழுதெல்லாம் படம் வரைவதிலும் விலங்குகளின் உருவங்களை மரத்தில் செதுக்குவதிலும் கழிந்தது. நகரத்தை அடுத்திருந்த வயல்வெளிகளும் ஆற்றங்கரையும் அவருக்கு மற்றொரு பள்ளியாயின. எனினும், ஓவியத்தையே பிழைப்பாகக் கொள்ளலாம் என்னும் நம்பிக்கை நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றாத காலம் அது. பதினைந்தாம் வயதில் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு அவர் வங்கி எழுத்தரானார்.

அதே 1861ஆம் ஆண்டின் இறுதியில், செஸ்டர் தொடர்வண்டி நிலையத்தை அடுத்திருந்த குயீன் இரயில்வே விடுதி தீப்பற்றி எரிந்தது. அக்காட்சியைக் கால்டெகாட் வரைந்தார். இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற செய்தி இதழான இல்லஸ்ட்ரேட்டட் இலண்டன் நியூஸ் அந்தப் படத்தை வெளியிட்டது. வங்கிப் பணியில் அவர் சேர்ந்த ஆண்டும் அவருடைய ஓவியம் முதன்முதலில் அச்சேறிய ஆண்டும் ஒன்றாகவே அமைந்தன. அடுத்த பதினோர் ஆண்டுகள் இவ்விரு வாழ்க்கைகளும் அவருக்குள் அருகருகே நடந்தன.

வங்கியும் வயல்வெளியும்

கால்டெகாட்டின் வங்கிப்பணி ஷ்ரோப்ஷயர் பகுதியைச் சேர்ந்த விட்சர்ச் என்னும் சிற்றூரில் தொடங்கியது. ஊருக்கு வெளியே ஓர் உழவர் வீட்டில் அவர் தங்கியிருந்தார். வங்கி அலுவல் தொடர்பாகப் பண்ணை வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் செல்ல நேர்ந்தது. குதிரை மீதும் வண்டியிலுமாக அவர் அப்பகுதி முழுவதும் சுற்றிவந்தார். மாட்டுச் சந்தையில் விலை பேசும் உழவர்கள், நரி வேட்டைக்குப் புறப்படும் செல்வர்கள், தேவாலய வாயிலில் வம்பளக்கும் முதியவர்கள், வேலியோரம் உறங்கும் நாய்கள் எனக் கண்ணிற்பட்ட அனைத்தும் அவருடைய குறிப்பேட்டில் இடம்பெற்றன.

ஆறாண்டுகள் கழித்து, 1867ஆம் ஆண்டில், மான்செஸ்டர் நகரத்து வங்கி ஒன்றின் தலைமையகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆலைப் புகை சூழ்ந்த அப்பெருநகரம் விட்சர்ச்சுக்கு முற்றிலும் மாறானது. பகலில் பேரேடுகளில் எண்களை நிரப்பிய அவர், மாலை வேளைகளில் மான்செஸ்டர் ஓவியப் பள்ளியின் வகுப்புகளுக்குச் சென்றார். வங்கித் தாள்களிலும் உறைகளின் பின்புறத்திலும் அவர் கிறுக்கிய நகைச்சுவைச் சித்திரங்கள் நண்பர்களிடையே கைமாறின. உள்ளூர் இதழ்கள் சிலவும் அவருடைய படங்களை வெளியிட்டன.

1870ஆம் ஆண்டில் அவர் இலண்டன் இதழாசிரியர் ஹென்றி பிளாக்பர்னுக்கு அறிமுகமானார். பிளாக்பர்னின் இலண்டன் சொசைட்டி இதழில் கால்டெகாட்டின் படங்கள் இடம்பெறலாயின. வங்கியில் மாத ஊதியம் உறுதி. ஓவியத்திலோ அடுத்த மாத வருவாய்க்கும் உறுதியில்லை. உடல்நலம் குன்றிய ஒருவர் நிலையான ஊதியத்தைக் கைவிடுவது எளிதான முடிவன்று. ஈராண்டுகள் ஆராய்ந்த பிறகே அவர் அம்முடிவை எடுத்தார். 1872ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாம் வயதில், வங்கிப்பணியைத் துறந்து இலண்டனில் குடியேறினார்.

குறைவான கோடுகள்

இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு எதிரே, கிரேட் ரஸ்ஸல் தெருவில் கால்டெகாட் தங்கினார். ஸ்லேடு ஓவியப் பள்ளியில் சிறிது காலம் பயின்றார். பறவைகளின் உடலமைப்பையும் எலும்புக்கூட்டையும் நுணுகி ஆராய்ந்து வரைந்தார். இலண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுச் சிற்பி ஜூல்ஸ் டாலுவோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. டாலு அவருக்குக் களிமண்ணில் உருவம் வனையக் கற்றுத்தந்தார்; அதற்கு ஈடாக இவர் டாலுவுக்கு ஆங்கிலம் பழக்கினார். ஓவியர் பிரடெரிக் லெய்ட்டன் தம் இல்லத்தில் கட்டிய அரேபியக் கூடத்தின் தூண்தலைப்புகளுக்குப் பறவை உருவங்களை வடிவமைத்துத் தரும் வாய்ப்பும் கால்டெகாட்டுக்குக் கிட்டியது.

இப்பயிற்சிகளால் அவர் ஒரு கொள்கையை வந்தடைந்தார். ஓவியத்தில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுப்பது என்பதே பெரிய கலை என்று அவர் கருதினார். கோடுகள் குறையக் குறையப் பிழைகளும் குறையும் என்பது அவருடைய துணிபு. அக்காலப் புத்தகப் படங்களில் நிழலுக்கும் ஒளிக்கும் நெருக்கமான கோடுகள் தாளை நிறைத்திருந்தன. கால்டெகாட்டோ வெற்றுத்தாளில் நான்கைந்து கோடுகளில் ஒரு குதிரையை ஓடவிட்டார். அதன் கால்களின் வேகமும் அதன்மேல் அமர்ந்தவரின் அச்சமும் அக்கோடுகளிலேயே புலப்பட்டன. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் நூலுக்கு அழகு என்பது தமிழ் இலக்கண மரபு. அவ்வழகைக் கால்டெகாட் கோட்டோவியத்தில் தேடினார் எனலாம்.

அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், இங்கிலாந்து நாட்டுப்புறக் கிறித்துமசு விழாவைப் பற்றி எழுதிய கட்டுரைகள் பழைய கிறித்துமசு என்னும் பெயரில் 1875ஆம் ஆண்டின் இறுதியில் தனி நூலாயின. அந்நூலுக்குக் கால்டெகாட் வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அவருக்குப் புகழைத் தேடித்தந்தன. விட்சர்ச்சில் அவர் கண்ட உழவர்களும் வேட்டைக்காரர்களும் பண்ணை வீடுகளும் அப்படங்களில் உயிர்பெற்று உலவின. வங்கி எழுத்தராக அவர் அலைந்து திரிந்த ஆறாண்டுகள் வீண்போகவில்லை.

அச்சகத்தாரின் அழைப்பு

அக்காலத்தில் இலண்டனில் வண்ண அச்சுக்கலையில் தலைசிறந்து விளங்கியவர் எட்மண்டு எவான்ஸ். குழந்தைகளுக்கான மலிவு விலைப் படநூல்களை அவர் அச்சிட்டுவந்தார். அவற்றுக்குப் பெரிதும் படம் வரைந்துவந்தவர் வால்ட்டர் கிரேன். கிரேன் அப்பணியிலிருந்து விலக விரும்பியதால் எவான்ஸ் புதிய ஓவியரைத் தேடினார். இர்விங்கின் நூலில் இருந்த படங்கள் அவரைக் கவர்ந்தன. 1877ஆம் ஆண்டில் அவர் கால்டெகாட்டை அணுகினார். அடுத்த ஆண்டுக் கிறித்துமசு விழாவுக்கு இரண்டு படநூல்கள் வேண்டும் என்றார்.

ஓவியர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்துப் படங்களை முழுமையாக வாங்கிக்கொள்வதே அக்கால வழக்கம். இந்நூல்களுக்கு வேறுவகை உடன்பாடு ஏற்பட்டது. அச்சுக்கட்டை செதுக்குதல், அச்சிடுதல் ஆகியவற்றின் செலவை எவான்ஸ் ஏற்றார். விற்கும் படிகளுக்கு ஏற்ப ஒரு சிறு பங்குத்தொகை கால்டெகாட்டுக்குக் கிடைக்கும். நூல் விற்கவில்லையெனில் அவருக்கு ஒன்றுமில்லை. வங்கி ஊதியத்தைத் துறந்த அதே துணிவோடு இதற்கும் அவர் இசைந்தார்.

படங்கள் அச்சேறிய முறையும் அறியத்தக்கது. கால்டெகாட் வழவழப்பான எழுதுதாளில் பேனாவால் கோட்டோவியம் வரைவார். அது ஒளிப்படமுறையில் மரக்கட்டையின் மீது பதிக்கப்படும். செதுக்குநர்கள் கோடுகளை மட்டும் மேடாக விட்டு எஞ்சிய மரப்பகுதியைச் செதுக்கி நீக்குவர். அக்கட்டையிலிருந்து எடுத்த படி ஒன்றுக்குக் கால்டெகாட் வண்ணம் தீட்டித் தருவார். அதனைப் பார்த்து ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி மரக்கட்டை செதுக்கப்படும். கோடுகளுக்கு அடர்பழுப்பு, முகத்துக்கும் கைக்கும் தோல்நிறம், பின்னர்ச் சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என ஒரே தாள் ஆறு கட்டைகளில் அடுத்தடுத்துப் பதியும். ஒரு கட்டை மயிரிழை விலகினாலும் வண்ணம் கோட்டைவிட்டு வெளியேறிவிடும். ஓவியரின் எளிமைக்குப் பின்னால் கைவினைஞர் பலரின் உழைப்பு மறைந்திருந்தது.

1878ஆம் ஆண்டில் ஜாக் கட்டிய வீடு, ஜான் கில்பின் ஆகிய இரு நூல்கள் ரவுட்லெட்ஜ் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தன. விலை ஒரு ஷில்லிங். முதலில் அச்சிட்ட பத்தாயிரம் படிகள், மறுபதிப்பு ஆயத்தமாவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் கிறித்துமசு விழாவையொட்டிக் கால்டெகாட்டின் இரண்டு நூல்கள் வெளிவந்தன. 1885 வரை எட்டு ஆண்டுகளில் பதினாறு நூல்கள் உருவாயின.

படமே உரையாக

கால்டெகாட்டுக்கு முன்னரும் குழந்தைப் பாடல்களுக்குப் படம் வரைந்தோர் உண்டு. பாடல் பசு என்றால் அவர்கள் பசுவை வரைந்தனர். நிலவு என்றால் நிலவை வரைந்தனர். சொல் கூறியதையே படமும் கூறியது. கால்டெகாட் வேறு வழியை மேற்கொண்டார். பாடலின் சொற்களை அவர் மாற்றவில்லை. ஆனால், சொற்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தைத் தம் படங்களுக்குரிய இடமாக்கிக்கொண்டார். சுருக்கமான நூற்பாவுக்கு உரையாசிரியர் விரித்துப் பொருள் காண்பதைப் போல, ஓரிரு வரிகளுக்குப் பக்கம் பக்கமாகப் படவுரை எழுதினார். ஒரு பாடலடியைத் துண்டாக்கிப் பல பக்கங்களில் பிரித்துவைத்தார். அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலோடு குழந்தை தாளைப் புரட்ட வேண்டியதாயிற்று. முழு வண்ணப் பக்கங்களுக்கு இடையே பழுப்புக் கோட்டோவியப் பக்கங்களை அமைத்துக் கதையின் ஓட்டத்தை விரைவுபடுத்தினார்.

ஜாக் கட்டிய வீடு, சங்கிலி போலத் தொடரும் பாட்டு. வீட்டிலிருந்த தானியத்தை எலி தின்றது. எலியைப் பூனை கொன்றது. பூனையை நாய் துன்புறுத்தியது. நாயைப் பசு கொம்பால் தூக்கி எறிந்தது. பாடல் இச்செய்திகளை அடுக்கிச் செல்கிறது. கால்டெகாட்டின் படங்களோ ஒவ்வோர் உயிருக்கும் ஒரு குணத்தைத் தருகின்றன. ஒன்றை வென்ற உயிர் பெருமிதத்தோடு ஓய்ந்திருக்கும் வேளையில் அதனை வெல்லும் அடுத்த உயிர் வந்துவிடுகிறது. வென்றவரின் செருக்கு நெடுநேரம் நிலைப்பதில்லை என்பதை அப்படங்கள் அறிவுரையின்றி உணர்த்துகின்றன.

1880இல் வெளிவந்த மூன்று வேடிக்கை வேட்டைக்காரர் என்னும் நூலில் மூவர் வேட்டைக்குச் செல்கின்றனர். வழியில் காணும் ஒவ்வொன்றையும் ஆளுக்கொரு பொருளாகக் கருதி வாதிடுகின்றனர். நகைச்சுவை தோன்றும் இடங்களுள் பேதைமையையும் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும். அத்தகைய பேதைமையைக் கால்டெகாட் வெறுப்பின்றி வரைந்தார். அவ்வேட்டைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் எவருக்கும் அவர்கள் மீது அன்பும் தோன்றும்.

நகைப்புக்குள் துயர்

1882ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் இரண்டு சிறு பாடல்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று பூனையும் பிடிலும் வரும் பாட்டு. பூனை வாசிக்கிறது, பசு நிலவைத் தாண்டுகிறது, நாய் சிரிக்கிறது, இறுதியில் தட்டு கரண்டியுடன் ஓடிப்போகிறது. பாடல் அங்கு முடிகிறது. கால்டெகாட் அங்கு முடிக்கவில்லை. ஓடிப்போன இருவரும் என்ன ஆயினர் என்பதை ஒரு சொல்லும் இல்லாத மற்றொரு படத்தில் காட்டினார். அதில் தட்டு உடைந்து சில்லுகளாகக் கிடக்கிறது. கரண்டியை அதன் பெற்றோரான கத்தியும் முள்கரண்டியும் இருபுறமும் பற்றி அழைத்துச் செல்கின்றனர்.

சிரிப்பூட்டும் காட்சிதான் இது. ஆனால், அந்தச் சிரிப்பு தொண்டையில் சற்றே தங்கிவிடுகிறது. பொருளற்ற பாட்டு என்று எண்ணியிருந்தவர்க்கு, பெற்றோர் விரும்பாத காதலும் அதன் முடிவும் அடுக்களைப் பாத்திரங்களின் வடிவில் கண்முன் நிற்கின்றன. குழந்தை உடைந்த தட்டைக் கண்டு சிரிக்கலாம். உடன் அமர்ந்து படித்துக்காட்டும் தாயோ ஒரு கணம் பேச்சற்றுப் போகலாம். ஒரே படம் இருவருக்கும் இருவகையில் பொருள் தருகிறது.

அந்நூலின் மற்றொரு பாட்டு குழந்தையைத் தாலாட்டுவது. தந்தை வேட்டைக்குச் சென்றிருக்கிறார். குழந்தையைப் போர்த்துவதற்கு முயல்தோல் கொண்டுவருவார் என்பதே அதன் பொருள். கால்டெகாட் வரைந்த தந்தை ஆடம்பரமான வேட்டையுடை அணிந்து ஆரவாரத்தோடு புறப்படுகிறார். எவ்வளவு முயன்றும் ஒரு முயலும் அகப்படவில்லை. முடிவில் நகரத்துக் கடைக்குச் சென்று முயல்தோலை விலைக்கு வாங்கிவருகிறார். பாடலில் இல்லாத இத்தோல்வியைப் படங்களே சொல்கின்றன. அது மட்டுமன்று. கடைசிப் படத்தில் காதுகளோடு கூடிய முயல்தோலைப் போர்த்திய குழந்தை தாயுடன் உலவச் செல்கிறது. அருகிலுள்ள மேட்டில் உயிருள்ள முயல்கள் கூடியிருக்கின்றன. குழந்தை அவற்றைக் காண்கிறது. தான் அணிந்திருப்பது எங்கிருந்து வந்தது என்னும் வினா அதன் பார்வையில் தோன்றுகிறது. வினாவுக்கு விடை இல்லை. நூல் அத்துடன் நிறைவடைகிறது.

தவளை ஒன்று பெண்பார்க்கச் செல்லும் பாட்டுக்கு 1883இல் அவர் வரைந்த நூலும் இத்தன்மையதே. சீருடுத்திச் செல்லும் தவளை சுண்டெலி வீட்டு விருந்தில் மகிழ்ந்திருக்கையில் பூனைகள் உள்ளே புகுந்து கூட்டத்தைச் சிதறடிக்கின்றன. தப்பியோடிய தவளையை வழியில் ஒரு வாத்து விழுங்கிவிடுகிறது. காட்டில் கைவிடப்பட்டு மடியும் இரு குழந்தைகளின் கதைப்பாடலுக்கும் அவர் 1879இலேயே படம் வரைந்திருந்தார். குழந்தைகளுக்கு உலகின் துயரத்தை முற்றிலும் மறைக்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை; துயரத்தைக் காட்டி அச்சுறுத்தவும் அவர் விரும்பவில்லை. நகையும் அழுகையும் ஒரே வாழ்வின் இரு மெய்ப்பாடுகள் என்பதைக் குழந்தைகள் தாமே கண்டுகொள்வர் என்று நம்பினார். அக்காலக் குழந்தை நூல்கள் பலவற்றில் முடிவில் நீதியுரை ஒன்று காத்திருக்கும். கால்டெகாட்டின் நூல்களில் அது இல்லை. குழந்தையின் அறிவின்மீது அவர் கொண்ட மதிப்பே அதற்குக் காரணம் எனலாம்.

நோயும் உழைப்பும்

இந்நூல்களைப் படித்துச் சிரித்தோர் பலர், அவற்றைப் படைத்தவர் படும் உடல்துன்பத்தை அறியார். இதயநோயோடு வயிற்றுநோயும் அவரை வாட்டியது. இங்கிலாந்தின் குளிர்காலம் அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு சோதனை. அதனால் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளின் வெப்பமான கடற்கரை ஊர்களுக்கு அவர் அடிக்கடி செல்ல நேர்ந்தது. ஓய்வுக்காகச் சென்ற இடங்களிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அங்குக் கண்ட காட்சிகளைப் படங்களாக்கி கிராஃபிக் இதழுக்கு அனுப்பினார். நண்பர்களுக்கு எழுதிய மடல்களிலும் சொற்களுக்கு இடையே வேடிக்கைச் சித்திரங்கள் துள்ளின. தம் நோயைப் பற்றி எழுத வேண்டிய இடத்திலும் அவர் நகைச்சுவையைக் கைவிட்டதில்லை.

1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மரியன் பிரிண்டு என்பவரை மணந்தார். கென்ட் பகுதியின் கெம்சிங் சிற்றூரிலும் பின்னர்ச் சர்ரே பகுதியின் ஃபிரென்ஷாமிலும் இருவரும் வாழ்ந்தனர். இங்கிலாந்துக் குழந்தைகள் எல்லாம் ஆண்டுதோறும் எதிர்பார்த்துக் காத்திருந்த நூல்களை வரைந்த அவருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

நூல்களின் விற்பனை பெருகியது. 1884ஆம் ஆண்டுக்குள் எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றிருந்தன. விற்றால்தான் பணம் என்னும் உடன்பாடு அவருக்கு நன்மையாகவே முடிந்தது. எவான்ஸ் அச்சகத்தின் மற்றொரு புகழ்பெற்ற ஓவியரான கேட் கிரீனவே அவருக்கு நண்பர். இருவரும் ஒரே ஆண்டில் ஒரே திங்களில் பிறந்தவர்கள். கால்டெகாட், கிரீனவே, கிரேன் ஆகிய மூவரும் அக்காலக் குழந்தை நூல் ஓவியத்தின் மும்மணிகளாகப் போற்றப்பட்டனர். ஓவியர் வின்சென்ட் வான்கோவும் கால்டெகாட்டின் படங்களை விரும்பியவருள் ஒருவர்.

இறுதிப் பயணம்

1885ஆம் ஆண்டின் இறுதியில் கால்டெகாட் தம் மனைவியுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்நாட்டு மக்களின் வாழ்வை கிராஃபிக் இதழுக்காக வரைவதும், இங்கிலாந்தின் குளிரிலிருந்து தப்பிப்பதும் பயணத்தின் நோக்கங்கள். நியூயார்க்கில் இறங்கி, கிழக்குக் கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றனர். ஆண்டு முழுவதும் வெயில் தவழும் மாநிலமெனப் பெயர்பெற்ற ஃபுளோரிடாவை அடைந்தனர். ஆனால், அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவிலும் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நிலவியது. எதற்கு அஞ்சிக் கடல் கடந்து சென்றாரோ அதுவே அங்கும் அவரை எதிர்கொண்டது. செயின்ட் அகஸ்டின் நகரில் நோய் முற்றியது. 1886ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் மறைந்தார். நாற்பது வயது நிறைவதற்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. அந்நகரின் எவர்கிரீன் இடுகாட்டில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் நிலவறையில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதனை வடித்தவர் சிற்பி ஆல்பிரட் கில்பர்ட். கால்டெகாட்டின் உருவம் பொறித்த வட்டத்தகட்டை ஒரு குழந்தை கையில் ஏந்தியிருப்பதாக அச்சிற்பம் அமைந்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் ஆண்டின் தலைசிறந்த குழந்தைப் படநூலைப் படைத்த ஓவியருக்கு அந்நாட்டு நூலகச் சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் கால்டெகாட் பதக்கம் வழங்கப்படுகிறது. 1937ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பதக்கம் 1938ஆம் ஆண்டுமுதல் வழங்கப்பட்டுவருகிறது. பதக்கத்தின் ஒருபுறத்தில், கட்டுக்கடங்காமல் ஓடும் குதிரையின் மீது தடுமாறிச் செல்லும் ஜான் கில்பினின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. மறுபுறத்தில், பணியாரத்துக்குள் வைத்துச் சுடப்பட்ட கரும்பறவைகளை அரசன் முன் படைக்கும் காட்சி அமைந்துள்ளது. இரண்டும் கால்டெகாட்டின் ஓவியங்களைத் தழுவியவை.

வழிவந்தோர்

கால்டெகாட்டின் மூலஓவியங்களை விரும்பி வாங்கிச் சேர்த்தவருள் ரூபர்ட் பாட்டர் என்னும் வழக்கறிஞரும் ஒருவர். அவற்றைக் கண்டு வளர்ந்த அவருடைய மகள் பியாட்ரிக்ஸ் பாட்டர், பின்னாளில் பீட்டர் என்னும் முயலின் கதையை எழுதிப் படமும் வரைந்து உலகப்புகழ் பெற்றார். கால்டெகாட் பதக்கத்தை 1964இல் பெற்ற அமெரிக்க ஓவியர் மாரிஸ் செண்டாக், இன்றைய படநூல் கால்டெகாட்டிடமிருந்தே தொடங்குகிறது என்று கருதினார். சொல் ஒன்றைக் கூற, படம் மற்றொன்றைக் கூற, இரண்டும் சேர்ந்து மூன்றாவது பொருளைத் தரும் கலையை இவர்கள் கால்டெகாட்டிடமே கற்றனர்.

வங்கிப் பேரேட்டின் நடுவே சித்திரம் தீட்டிய எழுத்தர், தம்மிடம் காலம் மிகுதியாக இல்லை என்பதை உணர்ந்திருக்கக்கூடும். ஆயினும், அவசரத்தின் சுவடு அவருடைய கோடுகளில் இல்லை. பதினாறு மெல்லிய நூல்களில் ஓர் உலகத்தையே அவர் விட்டுச்சென்றார். அவ்வுலகில் உடைந்த தட்டு இன்றும் தரையில் கிடக்கிறது. முயல்தோல் போர்த்திய குழந்தை இன்றும் முயல்களை வியப்போடு நோக்கி நிற்கிறது. அந்நூலைத் திறக்கும் ஒவ்வொரு குழந்தையும் படத்தைச் சுட்டிக்காட்டி ஏன் என்று வினவும். அந்த வினாவுக்காகவே கால்டெகாட் பாடல் சொல்லாத கதையை வரைந்துவைத்தார்.